மறைத்த பெயரும் உரைத்த பெயரும்

வாய்மையைப் போற்றாத அறநூல் தமிழில் இல்லை எனலாம். பொய் சொல்லலாகாது என்பது பள்ளியில் நம் பிள்ளைகள் கற்கும் முதற் பாடங்களுள் ஒன்று. ஆனால், உண்மையைச் சொன்னால் குடியிருக்க வீடு கிடைக்காது, செய்யும் வேலை நிலைக்காது, உடனமர்ந்து உண்ண ஒருவரும் வாரார் என்னும் நிலையில் ஒரு மனிதனை நிறுத்தி வைத்துவிட்டு, “நீ ஏன் உண்மையைச் சொல்லவில்லை?” என்று கேட்கும் சமூகத்தை என்னென்பது? பொய் சொன்னவன் அங்கே யார்? இவ்வினாவுக்கு வரலாற்றின் துணைகொண்டு விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கொடைமலையின் அடிவாரத்தில் மஞ்சளாற்றுப் பாசனத்தை நம்பி வாழும் நமது கெங்குவார்பட்டியிலிருந்து கம்பம் பள்ளத்தாக்கின் கடைக்கோடி வரையில், வெளியூரிலிருந்து வந்தவனிடம் கேட்கப்படும் கேள்விகள் இரண்டு. முதற் கேள்வி, “எந்த ஊர்?” என்பது. அதில் குற்றமில்லை. இரண்டாவது கேள்வி, “ஊரில் எந்தப் பக்கம்?” என்பது. அந்த இரண்டாவது கேள்விக்கு உள்ளே என்ன இருக்கிறது என்பதை நம் மக்களுக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. படித்துப் பட்டம் பெற்று மதுரைக்கும் திருப்பூருக்கும் சென்னைக்கும் செல்லும் நம் இளைஞர்கள் அக்கேள்வியை வாடகை வீட்டு வாசலிலும், பணியிடத்து உணவு மேசையிலும், திருமணப் பேச்சிலும் சந்திக்கிறார்கள். சிலர் நேரே விடை சொல்கிறார்கள். சிலர் பேச்சை மாற்றுகிறார்கள். மாற்றியவர் இரவு வீடு திரும்பியதும் தம்மைத் தாமே நொந்துகொள்கிறார்.

இந்த மன வேதனை நமக்கு மட்டுமே உரியது என்று எண்ணிவிடலாகாது. கடல் கடந்த ஜப்பான் நாட்டிலும் இதே வேதனையைச் சுமந்த மக்கள் உண்டு. அவர்களைப் பற்றி எழுந்த ஒரு நாவல் அந்நாட்டு இலக்கிய வரலாற்றில் நிலையான இடம் பெற்றது. அந்நாவலையும், அது தோன்றுவதற்கு முன்பே நம் தமிழ் மண்ணில் அதே வினாவுக்கு வேறொரு விடை கண்ட இரட்டைமலை சீனிவாசனாரின் வரலாற்றையும் அருகருகே வைத்து நோக்குவோம்.

ஜப்பானிலும் சேரிகள்

ஜப்பானியருள் மிகப் பெரும்பாலோர் ஒரே இனம், ஒரே மொழி, ஒரே நிறம். ஆயினும் அங்கும் பிறப்பினால் இழிவு கற்பிக்கப்பட்ட மக்கள் இருந்தனர். இறந்த மாடு குதிரைகளை அப்புறப்படுத்துதல், தோல் பதனிடுதல், தண்டனை நிறைவேற்றும் இடங்களில் ஊழியம் செய்தல் ஆகிய தொழில்கள் அவர்கள் தலையில் சுமத்தப்பட்டன. தொழிலைச் சுமத்தியவர்களே அத்தொழில் தீட்டு என்று கூறி, அவர்களை ஊருக்குப் புறத்தே ஒதுக்கினர். ‘எத்தா’ என்பது அவர்களுக்கு இடப்பட்ட பெயர். அப்பெயரை எழுதப் பயன்பட்ட எழுத்துக்களுக்கு ‘மிகுந்த அழுக்கு’ என்பது பொருள். நிறத்தாலும் முகத்தாலும் எவ்வித வேற்றுமையும் இல்லாத மக்களை, வாழும் இடத்தையும் பரம்பரையையும் கொண்டே அடையாளம் கண்டு விலக்கினர். நம் நாட்டு வழக்கத்திற்கும் அதற்கும் வேற்றுமை ஏது?

1868-இல் மெய்ஜி ஆட்சி தொடங்கிற்று. 1871-இல் அரசு ஆணை ஒன்று பிறந்து, அப்பழைய இழிபெயர்கள் ஒழிந்தன என்றும் அம்மக்களும் மற்றவரைப் போன்ற குடிமக்களே என்றும் அறிவித்தது. ஆணை பிறந்ததேயன்றி, அதனோடு நிலமோ பொருளோ கல்வி வசதியோ வந்து சேரவில்லை. மாறாக, தோல் தொழிலில் அவர்களுக்கிருந்த தனியுரிமையும் கைவிட்டுப் போயிற்று. ஆணையைப் பொறாத உழவர்கள் சில பகுதிகளில் கலவரம் செய்தனர். 1873-இல் மிமாசாக்கா என்னும் பகுதியில் அம்மக்களின் வீடுகள் கொளுத்தப்பட்டு உயிர்களும் பறிக்கப்பட்டன. குடும்பப் பதிவேடு எழுதிய அலுவலர்களிற் சிலர், சட்டம் ஒழித்த பழைய பெயருக்குப் பதிலாகப் ‘புதுக் குடிமக்கள்’ என்று எழுதி வைத்தனர். ‘புது’ என்ற அந்த ஒரு சொல்லே பழைய இழிவைச் சுட்டப் போதுமானதாயிற்று. சட்டத்தில் ஒழிந்த தீண்டாமை ஏட்டில் ஒளிந்து வாழும் வித்தை இதுதான்.

தந்தையிட்ட கட்டளை

இந்தச் சூழலில் 1906-ஆம் ஆண்டு ஷிமாசாக்கி தோசோன் என்னும் எழுத்தாளர் தம் சொந்தச் செலவில் ‘ஹகாய்’ என்னும் நாவலை வெளியிட்டார். ‘கட்டளை மீறல்’ என்று அத்தலைப்பைத் தமிழில் சொல்லலாம். அந்நாட்டின் பெரும் எழுத்தாளரான நத்சுமே சோசெகி அதனைப் பெரிதும் பாராட்டினார்.

கதைத் தலைவன் செகாவா உஷிமட்சு என்னும் இளைஞன். நாகானோ மலைநாட்டில் இயாமா என்னும் சிற்றூரில் பள்ளி ஆசிரியன். ஒதுக்கப்பட்ட மக்களுள் பிறந்தவன். அவனுடைய தந்தை தம் ஊரை விட்டுப் பெயர்ந்து, மலையில் மாடு மேய்க்கும் தொழிலை மேற்கொண்டு, தம் பிறப்பை எவரும் அறியாதபடி வாழ்ந்தவர். மகன் படிக்கப் புறப்பட்டபோது அவர் இட்ட கட்டளை ஒன்றே ஒன்று: எவர் கேட்டாலும், எந்நிலை வந்தாலும், உன் பிறப்பை வெளியிடாதே. வெளியிட்ட அன்றே உலகம் உன்னைத் தள்ளிவிடும்.

அக்கட்டளை தந்தையின் அன்பிலிருந்து பிறந்தது என்பதை நாம் மறத்தல் ஆகாது. அவர் சொன்னது முழு உண்மை என்பதை நாவலின் தொடக்கமே காட்டுகிறது. ஓஹினாதா என்னும் செல்வர் ஒரு விடுதியில் தங்குகிறார். அவர் இன்ன மக்களைச் சேர்ந்தவர் என்று தெரிந்ததும் உடன் தங்கியோர் கூச்சலிட்டு அவரை வெளியேற்றுகின்றனர். கையில் பணம் இருந்தும் அவருக்குப் படுக்க இடமில்லை. அதைக் கண்ட உஷிமட்சு வாய் திறவாமல் தன் மூட்டையைக் கட்டிக்கொண்டு ஒரு பௌத்தக் கோயிலுக்குக் குடிபெயர்கிறான்.

அந்நாவலில் வேறொரு மனிதரும் உண்டு. இனோகோ ரெந்தாரோ என்னும் எழுத்தாளர். அவரும் அதே மக்களுள் பிறந்தவர். ஆனால் தாம் இன்னார் என்று நூலில் வெளிப்படையாக எழுதியவர். கற்பித்தற் பணியைப் பிறப்பின் காரணமாக இழந்த ஓய் இசோகிச்சி என்னும் உண்மையான ஆசிரியர் ஒருவரே இப்பாத்திரத்திற்கு முன்மாதிரி என்பர். உஷிமட்சு அவர் நூல்களை விரும்பிப் படிக்கிறான். நேரில் காணும்போது, “நானும் உங்களைச் சேர்ந்தவனே” என்று சொல்ல நா எழுகிறது. தந்தையின் கட்டளை தடுக்கிறது. அவர் நூல்களை வைத்திருந்தால் பிறர் ஐயுறுவர் என்று அஞ்சி, அவற்றிலிருந்த தன் முத்திரையை அழித்துவிட்டுப் பழைய புத்தகக் கடையில் விற்றுவிடுகிறான். நம் இளைஞர்கள் ஊன்றிப் படிக்க வேண்டிய இடம் இது. பிறப்பை மறைக்கத் தொடங்கியவன், பின்னர் தான் படித்த நூலை மறைக்க வேண்டியவனாகிறான்; தன் ஆசானை மறைக்க வேண்டியவனாகிறான்; இறுதியில் மறைக்காமல் வைத்துக்கொள்ள அவனிடம் எதுவும் மிஞ்சுவதில்லை.

மறைத்தவனின் நிலை இது. மறைக்கச் செய்தவர்களின் வாய்மை எத்தகையது? தகாயனாகி என்னும் அரசியல்வாதி தேர்தற் செலவுக்குப் பணம் வேண்டி, அதே ஒதுக்கப்பட்ட மக்களுள் ஒரு செல்வரின் மகளை இரகசியமாக மணக்கிறான். பணம் தீட்டில்லை; பெயர் மட்டுமே தீட்டு. அந்த இரகசியம் வெளிவராதிருக்க உஷிமட்சுவிடம் பேரம் பேசுகிறான்: நீ என்னைச் சொல்லாதே, நான் உன்னைச் சொல்லேன். உஷிமட்சு இணங்காமற் போகவே ஊரில் வதந்தி பரவுகிறது. பள்ளித் தலைமையாசிரியர் அவனை நீக்கச் சமயம் பார்க்கிறார். மேடையில் தகாயனாகியின் சூழ்ச்சியை அம்பலப்படுத்திய ரெந்தாரோ அவனுடைய ஆட்களால் கொல்லப்படுகிறார். அந்த ஊரில் உண்மை பேசியவர் பிணமானார். பொய்யை வாணிகமாக்கியவன் வேட்பாளனாக நின்றான்.

ஆசானின் மரணம் உஷிமட்சுவின் அச்சத்தை உடைக்கிறது. அவன் தன் வகுப்பறைக்குச் சென்று மாணவர்முன் தன் பிறப்பை வெளியிடுகிறான். தந்தையின் கட்டளை மீறப்படுகிறது. ஆனால் எப்படி வெளியிடுகிறான்? இதுகாறும் மறைத்தமைக்காகத் தரையில் மண்டியிட்டு அச்சிறுவர்களிடம் மன்னிப்புக் கேட்கிறான். மாணவர்களோ அவனை வெறுக்கவில்லை; ஆசிரியரை நீக்க வேண்டாம் என்று தலைமையாசிரியரிடம் சென்று முறையிடுகிறார்கள். குழந்தைகளுக்கு இருந்த நேர்மை பெரியவர்களுக்கு இல்லை. உஷிமட்சு பணியைத் துறந்து, முன்பு விடுதியிலிருந்து விரட்டப்பட்ட அதே ஓஹினாதாவோடு அமெரிக்காவின் டெக்சாஸ் பகுதிக்குப் போக முடிவு செய்வதோடு கதை முடிகிறது.

நாவலாசிரியர் அம்மக்களுள் பிறந்தவரல்லர். அவர் காட்டிய பரிவு உண்மையானது. ஆயினும் நெஞ்சில் ஒரு முள் தைக்கிறது. மன்னிப்புக் கேட்க வேண்டியவன் உஷிமட்சுவா? அவனைப் பொய்யனாக்கிய ஊரல்லவா மண்டியிட்டிருக்க வேண்டும்? பிற்காலத்தில் அம்மக்களின் இயக்கமும் இந்நூலைக் குறைகூறியது. 1939-இல் ஆசிரியர் சொற்களை மாற்றித் திருத்திய பதிப்பை வெளியிட்டார். மூலப் பாடம் 1953-இல் மீண்டும் அச்சேறியது.

கோயம்புத்தூரில் ஒரு மாணவர்

இனித் தமிழ்நாட்டிற்கு வருவோம். செங்கற்பட்டுப் பகுதியிலுள்ள கோழியாளம் என்னும் ஊரிற் பிறந்த இரட்டைமலை சீனிவாசனார் 1939-இல் தம் வாழ்க்கை வரலாற்றைச் சுருக்கமாக எழுதி வெளியிட்டார். அதில் தாம் கோயம்புத்தூரில் கல்வி பயின்ற நாட்களைப் பற்றிக் கூறுவது உஷிமட்சுவின் கதையை விடவும் உருக்கமானது. அங்கே ஏறத்தாழ 400 மாணவர்கள் படித்தனர். பத்துப் பேர் நீங்கலாக ஏனையோர் பிராமணர். சாதிக் கட்டுப்பாடு மிகக் கடுமையாக இருந்தது. மற்ற மாணவரோடு நட்புக் கொண்டால் தம் சாதியையும் குடும்பத்தையும் இருப்பிடத்தையும் அறிந்துகொண்டு இழிவாக நடத்துவார்களே என்று அவர் அஞ்சினார். ஆகவே பள்ளிக்கு வெளியே எங்கேனும் தனித்திருந்து படிப்பார். மணி அடித்த பின்னரே வகுப்புக்குள் நுழைவார். வகுப்பு கலைந்ததும் எவரும் தம்மை எட்டிப் பிடிக்காதபடி விரைந்து நடந்து வீடு சேர்வார்.

இதனைச் சற்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். அவர் எவரிடமும் பொய் சொல்லவில்லை. பொய் சொல்ல வேண்டிய நிலை நேராதிருக்கும் பொருட்டுத் தோழமையையே துறந்தார். விளையாட்டும் சிரிப்புமாகக் கழிய வேண்டிய பருவத்தில், உண்மைக்கும் உயிர்ப்பாதுகாப்புக்கும் இடையே ஓட்டமும் நடையுமாகத் தினமும் வீடு திரும்பிய ஒரு சிறுவனின் கால்களை நினைத்துப் பார்ப்போமானால், தீண்டாமை என்பது கிணற்றையும் தெருவையும் மட்டுமே அடைத்தது என்று எண்ண மாட்டோம். அது பிள்ளைகளின் நட்பையும் அடைத்தது.

அச்சிறுவரே வளர்ந்து, நீலகிரியில் வெள்ளையர் வணிக நிறுவனத்தில் கணக்கராகப் பத்தாண்டுக் காலம் பணியாற்றி, 1890-இல் சென்னை வந்தார். 1893 அக்டோபரில் நான்கு பக்கங்கள் கொண்ட ஒரு பத்திரிகையைத் தொடங்கினார். அதற்கு அவர் இட்ட பெயர் ‘பறையன்’. எந்தப் பெயர் தெரிந்துவிடுமோ என்று அஞ்சிப் பள்ளிப் பருவத்தில் விரைந்து நடந்தாரோ, அதே பெயரைப் பத்திரிகையின் நெற்றியில் அச்சிட்டுச் சென்னை நகர வீதிகளில் விற்றார்!

ஏன் அவ்வாறு செய்தார் என்பதற்கு அவரே காரணம் கூறியிருக்கிறார். இம்மக்களுள் ஒருவன் தான் இன்னான் என்று சொல்லிக்கொண்டு முன்வந்தாலன்றி அவனால் உரிமை கேட்க முடியாது. தாழ்த்தப்பட்டவனாகவும் வறியவனாகவுமே என்றும் கிடப்பான் என்பது அவர் கருத்து. மறைந்து வாழ்பவனுக்குத் தனி வாழ்வு ஒருவேளை கிடைக்கலாம். ஆனால் வழக்காட முடியாது. பெயரில்லாத வாதியின் வழக்கை எந்த நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும்?

இது வெறும் சொல்வீரமன்று. மாத இதழாகத் தொடங்கிய அப்பத்திரிகை மூன்றே மாதங்களில் வார இதழாயிற்று. 1900 வரை நடைபெற்றது. இந்திய ஆட்சிப் பணிக்குரிய தேர்வை இங்கிலாந்தில் மட்டுமன்றி இந்தியாவிலும் ஒருசேர நடத்த வேண்டும் என்று காங்கிரசார் அக்காலத்தில் கோரினர். அவ்வாறாயின் கல்வி முழுவதையும் தம் கையில் வைத்திருக்கும் உயர்சாதியினரே அதிகாரிகளாக வந்து நம் மக்களை மேலும் ஒடுக்குவர் என்று கருதிய சீனிவாசனார், 1893 டிசம்பரில் சென்னையில் கூட்டம் கூட்டி எதிர் விண்ணப்பம் தயாரித்தார். 3,412 பேர் கையொப்பமிட்ட, 112 அடி நீளமுள்ள அவ்விண்ணப்பம் இங்கிலாந்துப் பாராளுமன்றத்திற்கு அனுப்பப்பட்டது. அவர் எடுத்த நிலைப்பாட்டைப் பற்றி மாறுபட்ட கருத்துடையோர் இருக்கலாம். ஆனால், எழுத்தறிவு அரிதாக இருந்த காலத்தில் 3,412 பேர் தம் பெயரைத் தாளில் இட்டனர் என்பதை எண்ணுங்கள். ஒளிந்து வாழ்பவன் கையொப்பமிட மாட்டான். 1896-இல் பத்திரிகையில் வந்த ஒரு கடிதத்தின் பொருட்டு வழக்குத் தொடரப்பட்டு 100 ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது. உண்மை பேசுவதற்கு விலை உண்டு என்பதை அவர் அறிந்தே பேசினார்.

மறுத்துரைத்த மற்றொரு வழி

அதே காலத்தில், அவருக்கு நெருங்கிய உறவினரான அயோத்திதாசப் பண்டிதர் வேறொரு வழியைக் கைக்கொண்டார். 1891-இல் திராவிட மகாஜன சபையைத் தோற்றுவித்தவரும், 1907-இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழைத் தொடங்கியவருமான பண்டிதர், ‘பறையன்’ என்னும் பெயரை ஏற்க மறுத்தார். நம் மக்கள் இந்நாட்டின் பூர்வத் தமிழர், பழைய பௌத்தர். அப்பெயர் பகைவர் இட்ட பொய்ப்பெயர் என்பது அவர் வாதம். பொய்யாக இடப்பட்ட ஒரு பெயரை ஒருவன் தன் பெயரென ஒப்புக்கொள்வது எப்படி வாய்மையாகும் என்று அவர் கேட்டார்.

இருவரும் முரண்பட்டனர் என்று மட்டும் கூறி வரலாற்றாசிரியர் பலர் நிறுத்திவிடுகின்றனர். நாம் ஆழ்ந்து நோக்குவோமாயின் இருவரும் ஒன்றுபடும் இடமும் தெரியும். ஒருவர் இழிவாகக் கருதப்பட்ட பெயரை எடுத்து உயர்த்திப் பிடித்தார். மற்றவர் அப்பெயரைத் தூக்கியெறிந்து தம் சொந்தப் பெயரைத் தேடி எடுத்தார். இருவரில் எவரும் ஒளியவில்லை. இருவரில் எவரும் மன்னிப்புக் கேட்கவில்லை. இன்றும் நம் சமுதாயங்களில் எப்பெயரால் அழைக்கப்பட வேண்டும் என்னும் விவாதம் நடைபெறுகிறது. அவ்விவாதம் நடப்பது நல்லதே. பெயரை நாமே தேர்வதும், பிறருக்கு அஞ்சிப் பெயரை விழுங்குவதும் ஒன்றாகா.

பரோடாவில் பதினோராம் நாள்

மறைத்தவரைக் கோழை என்று எள்ளுவோர் அண்ணல் அம்பேத்கரின் வரலாற்றைப் படித்தல் வேண்டும். கொலம்பியாவிலும் இலண்டனிலும் பயின்று திரும்பிய அவர், தம் படிப்புக்கு உதவிய பரோடா மன்னரின் அரசில் பணியேற்க 1917-இல் அந்நகர் சென்றார். தங்க இடமில்லை. இந்து விடுதிகள் அவரை ஏற்கமாட்டா. பார்சிகளின் விடுதி ஒன்றில், பார்சிப் பெயரைப் பதிவேட்டில் எழுதினால் தங்கலாம் என்று காப்பாளர் கூற, வேறு வழியின்றி அவ்வாறே தங்கினார். பதினோராம் நாள் தடியேந்திய பார்சிகள் வந்து சூழ்ந்துகொண்டு, மாலைக்குள் வெளியேறுமாறு மிரட்டினர். நண்பர் இருவரை அணுகினார், இருவரும் நழுவினர். பூங்காவில் அமர்ந்து நேரத்தைக் கழித்துவிட்டு அன்றிரவே பம்பாய்க்கு இரயில் ஏறினார்.

உலகம் மதிக்கும் பட்டங்கள் பெற்ற மேதையையே பொய்ப்பெயர் எழுத வைத்தது இந்நாடு. அந்தப் பதிவேட்டில் இருந்த பொய் யாருடைய பொய்? எழுதியவருடையதா, எழுத வைத்தவருடையதா? பிறர்க்குத் தீங்கு பயவாத சொல்லே வாய்மை என்று வள்ளுவர் இலக்கணம் வகுத்தார். அவ்வளவுகோலால் அளந்தால், விடுதியில் தங்க எழுதிய பெயர் எவருக்கும் தீங்கு செய்யவில்லை, “உன் சாதி என்ன?” என்ற கேள்வியே தீங்கு செய்தது. பின்னர் அண்ணல் இந்நிகழ்ச்சியைத் தாமே எழுதி வைத்தார். அக்குறிப்புகள் அவர் நிறுவிய மக்கள் கல்விக் கழகத்தால் 1990-இல் நூலாக வெளியிடப்பட்டன. நேர்ந்ததைப் பெயர், இடம், நாள் சொல்லி எழுதி வைத்ததே அவர் செலுத்திய வாய்மைக் கடன்.

1922: இரு நாடுகளில் ஒரே மாதம்

1922 மார்ச்சு மாதம் ஜப்பானின் கியோத்தோ நகரில் ஒதுக்கப்பட்ட மக்கள் ஆயிரக்கணக்கில் திரண்டு ‘சுய்ஹெய்ஷா’ என்னும் சங்கத்தை நிறுவினர். ‘சுய்ஹெய்’ என்றால் நீர்மட்டம். பாசன நிலத்து மக்களாகிய நமக்கு அப்பெயரின் அருமை எளிதில் விளங்கும். நீரை எந்தப் பாத்திரத்தில் ஊற்றினாலும் அது மேடுபள்ளம் பார்க்காமல் சமனாகவே நிற்கும். மனிதரும் அவ்வாறே நிற்க வேண்டும் என்பது அவர்கள் குறிக்கோள். தம்மை இழித்த பெயரைச் சொல்லியே, அப்பெயருக்கு உரியவராயிருப்பதில் பெருமை கொள்ளும் காலம் வந்துவிட்டது என்று அவர்கள் தம் அறிக்கையில் முழங்கினர். பதினாறு ஆண்டுகளுக்கு முன் நாவலில் உஷிமட்சு தனியனாக மண்டியிட்டுச் சொன்ன அதே செய்தியை இவர்கள் கூட்டமாக நிமிர்ந்து நின்று சொன்னார்கள். சொல் ஒன்றே, சொன்ன முறை வேறு. இடையில் வந்து சேர்ந்தது சங்கம்.

அதே 1922 மார்ச்சில் சென்னை மாகாண அரசு, சட்டசபையில் எம்.சி.இராசா கொணர்ந்த தீர்மானத்தின்படி, அரசு ஆவணங்களில் ‘பறையர்’, ‘பஞ்சமர்’ முதலிய சொற்களை நீக்கி ‘ஆதிதிராவிடர்’ என்னும் பெயரை வழங்க ஆணையிட்டது. ஜப்பானில் பழைய பெயரை உயர்த்தினர். இங்கே புதிய பெயரைப் பெற்றனர். சீனிவாசனார் வழியும் பண்டிதர் வழியும் ஒரே மாதத்தில் இரு நாடுகளில் வெற்றி கண்டது போன்ற தோற்றம் இது. ஒருவரையொருவர் அறியாத இரு மக்கள் கூட்டங்கள் ஒரே காலத்தில் ஒரே உண்மையை உணர்ந்தன: பெயர் பற்றிய முடிவு நம்முடையதாக இருத்தல் வேண்டும்.

1904 முதல் தென்னாப்பிரிக்காவில் வாழ்ந்த சீனிவாசனார் தாயகம் திரும்பி, 1923 முதல் சென்னைச் சட்டசபையில் அமர்ந்தார். பொதுத் தெருக்களிலும் கிணறுகளிலும் கட்டடங்களிலும் நம் மக்களுக்குத் தடையில்லை என்னும் தீர்மானம் 1924-இல் நிறைவேற அவரும் அவர்தம் தோழர்களும் பாடுபட்டனர். பின்னர் அண்ணல் அம்பேத்கருடன் இலண்டன் வட்டமேசை மாநாட்டில் அமர்ந்தார். கோயம்புத்தூரில் எவர் கண்ணிலும் படாமல் வீடு சேர்ந்த சிறுவர், பேரரசின் தலைநகரில் தம் மக்களின் பெயரைச் சொல்லி உரிமை கேட்டார். 1945-இல் அவர் மறைந்தார்.

ஏட்டில் ஒளிந்த தீண்டாமை

வெற்றிகளை மட்டுமே பேசி நிறுத்துவதும் வாய்மையாகாது. ஜப்பானில் அந்தப் பழைய குடும்பப் பதிவேடுகளைப் பிறர் பார்வையிட முடியாதபடி 1968-இல்தான் மூடினர். 1975-இல் ஒரு கொடுமை வெளிப்பட்டது. ஒதுக்கப்பட்ட மக்கள் வாழும் இடங்களின் பெயர்ப் பட்டியலை அச்சிட்டு இரகசியமாக விற்றனர். வேலைக்கு வருவோரின் பிறப்பை அறிய 200-க்கும் மேற்பட்ட நிறுவனங்கள் அதனை வாங்கியிருந்தன. “ஊரில் எந்தப் பக்கம்?” என்ற நம் ஊர்க் கேள்வியே அங்கே புத்தகமாகி விலை போயிற்று. அரசின் ஆணை பிறந்து நூறாண்டு கடந்த பின்னரும் இந்நிலை. 2016-இல் இப்பாகுபாட்டை ஒழிப்பதற்கென்றே தனிச் சட்டம் ஒன்றை அந்நாடு இயற்ற வேண்டியிருந்தது.

நம் நாட்டில் அரசியலமைப்பின் 17-ஆம் விதி 1950-இல் தீண்டாமையை ஒழித்தது. 1955-இல் தீண்டாமைக் குற்றச் சட்டமும், 1989-இல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் வந்தன. சட்டங்கள் வேண்டும், அவை நம் முன்னோர் போராடிப் பெற்ற ஆயுதங்கள். ஆனால் ஆயுதத்தை எடுப்பவன் தன் பெயரைச் சொல்லி எடுக்க வேண்டும். புகார் மனுவின் முதல் வரியில் எழுத வேண்டியது மனுதாரரின் பெயரும் சாதியுமே. சீனிவாசனார் 1893-இல் கண்ட உண்மை இன்றும் காவல் நிலையத்து வாசலில் நம்மை எதிர்கொள்கிறது.

கல்விச் சங்கத்தின் கடமை

இவ்வரலாற்றிலிருந்து நாம் கொள்ளத்தக்க பாடங்கள் மூன்று.

முதலாவது, மறைத்து வாழ நேர்ந்தவரை நாம் பழித்தலாகாது. உஷிமட்சுவின் தந்தையைப் போலத் தம் பிள்ளை பிழைத்தால் போதும் என்றெண்ணி, “ஊரில் போய்ச் சொல்லாதே” என்று கூறிய தாய்தந்தையர் நம்மிடையேயும் உண்டு. அவர்கள் பொய்யர் அல்லர். அநீதியின் கணக்கை அறிந்தவர்கள்.

இரண்டாவது, மறைவு நிழல் தரும், கனி தராது. மறைந்திருப்பவன் தன் ஆசானையும் நூலையும் உறவையும் ஒவ்வொன்றாக இழக்கிறான். அவன் பெறும் வெற்றி அவன் தெருவுக்கு வந்து சேர்வதில்லை. அவனைப் பார்த்துப் படிக்க வேண்டிய அடுத்த பிள்ளைக்கு அவன் இருப்பதே தெரியாமற் போகிறது.

மூன்றாவதும் தலையாயதும் இது: தனி ஒருவன் சொல்லும் உண்மை அவனைத் தெருவில் நிறுத்தும், அமைப்பாகத் திரண்ட மக்கள் சொல்லும் உண்மை சட்டத்தைத் திருத்தும். ஆகவே, “நீ ஏன் துணிந்து சொல்லவில்லை?” என்று நம் இளைஞனை வினவுமுன், “அவன் சொன்னால் உடன் நிற்க எத்தனை பேர் இருக்கிறோம்?” என்று நம்மை நாமே வினவ வேண்டும்.

ஒரு கல்விச் சங்கம் எதற்காக இருக்கிறது? புத்தகமும் கட்டணமும் கொடுத்து உதவுவது அதன் பணியில் பாதியே. வெளியூரில் தங்கிப் படிக்கும் மாணவனுக்கு இன்னொரு மாணவனை அறிமுகப்படுத்துதல், வேலைக்குப் போகும் பெண்ணுக்கு நம்பகமான குடியிருப்பைத் தேடித் தருதல், இழிவு நேர்ந்தால் மனு எழுதவும் சாட்சி சொல்லவும் கூட வருதல், சீனிவாசனார், பண்டிதர், அண்ணல் ஆகியோர் நூல்களை முத்திரையை அழிக்க வேண்டாத நம் சொந்த அலமாரியில் வைத்தல் ஆகியவை மறுபாதி. பள்ளி மணி அடித்தவுடன் தனியே விரைந்து வீடு சேர வேண்டிய நிலை நம் பிள்ளைகளில் ஒருவருக்கும் நேரலாகாது. நான்கு பேரோடு பேசிச் சிரித்து மெதுவாக நடந்து வரும் உரிமை அவர்களுக்கு வேண்டும்.

வெள்ளி விழாக் காணும் நம் சங்கம் இருபத்தைந்து ஆண்டுகளாகத் தன் பெயரைப் பலகையில் எழுதி, ஊரறிய வாசலில் மாட்டி வைத்திருக்கிறது. இதனைச் சிறு செயலென்று எண்ணற்க. நம் உறுப்பினர் ஒவ்வொருவரும் தம் பிள்ளைகளைக் கையைப் பிடித்து அழைத்து வந்து, அப்பலகையை உரக்கப் படிக்கச் செய்வார்களாக.